லைட் எரிகிறது, திரை வரவில்லை: ரிமோட் டெஸ்க்டாப் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பாபநாசம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வரை ஏழெட்டுக் கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். உரக்கடை, அரிசி ஆலை, பாத்திரக்கடை, ஒரு நெல் மண்டி. எல்லா இடத்திலும் ஒரே கணினியில்தான் கணக்கு, பில், ஜிஎஸ்டி அத்தனையும் ஓடும். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று வரிப் படிவங்களுக்குக் கடைசி நாள். அந்த இரண்டு தேதிக்கும் முந்தின நாள் என் போன் ஓயாது.

"தம்பி, பெட்டியில லைட் எரியுது. உள்ள வந்து பாரு" என்பார் கடைக்கார அண்ணன். இங்கே திரை வராது.

உள்ளே போக இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, இங்கிருந்தே அந்தக் கணினியின் திரையைப் பார்த்து இயக்க விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப். இன்னொன்று, எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் மாதிரி ஒரு எண்ணைப் போட்டு உள்ளே போகும் மென்பொருள். எதில் தகராறு வந்தாலும் காரணம் பெரும்பாலும் அந்த மென்பொருளில் இருப்பதில்லை. அந்தப் பக்கத்துக் கணினியில், அதற்கு வரும் கரண்டில், அதன் பாஸ்வேர்டில் இருக்கிறது. ஆகவே இங்கே உட்கார்ந்து மென்பொருளை அழித்து அழித்து மறுபடி போடாதீர்கள். கடைக்காரர் போனில் என்ன சொல்கிறார், திரையில் என்ன வாசகம் வருகிறது என்பதை முதலில் முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கேற்றபடிதான் கீழே பிரித்திருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். ஃபயர்வால் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல்), ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண்), நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள்) இந்த மூன்றையும், அந்தப் பக்கம் ஆள் இல்லாத நேரத்தில் தொலைவிலிருந்து தொடவே தொடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தபோது, திருத்துறைப்பூண்டிக் கணினியில் ஐபி முகவரியை இங்கிருந்து மாற்றினேன். ஓகே அழுத்திய நொடியில் திரை போய்விட்டது. மறுநாள் காலை ஐப்பசி மழையில் பஸ் ஏறிப் போய்த்தான் சரிசெய்தேன். கடை அரை நாள் பில் போடாமல் கிடந்தது.

"கனெக்டே ஆகல"

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் இணையவில்லை என்றால் பெரும்பாலும் ஒரே அறிவிப்புதான் வரும். அதில் மூன்று காரணம் சொல்லும்: தொலை அணுகல் இயக்கப்படவில்லை, அந்தக் கணினி அணைந்திருக்கிறது, அந்தக் கணினி நெட்வொர்க்கில் இல்லை. எல்லோரும் முதல் காரணத்தில் தொடங்கி அமைப்புகளைக் குடைவார்கள். நேற்றுவரை வேலை செய்த கணினி என்றால், நம் ஊரில் இரண்டாவதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அணைந்திருக்கிறதா என்று கேட்டால் "இல்லப்பா, லைட் எரியுது" என்றுதான் பதில் வரும். அது மானிட்டர் லைட்டாக இருக்கும், யுபிஎஸ் லைட்டாக இருக்கும், தூங்கும் கணினியின் மினுக்கும் லைட்டாகக்கூட இருக்கும். நான் கேட்பது வேறு: "அண்ணே, கீபோர்டுல கேப்ஸ் லாக்க அழுத்துங்க. லைட் மாறுதா?" மாறினால் கணினி விழித்திருக்கிறது. மாறாவிட்டால் தூக்கம் அல்லது அணைப்பு.

தூக்கம்தான் காரணம் என்றால் நிரந்தரமாகத் தீர்த்துவிடலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், கணினி தூங்கும் நேரத்தை 'நெவர்' என்று வையுங்கள். திரை மட்டும் பத்து நிமிடத்தில் அணையட்டும், அதனால் பாதகமில்லை. லேப்டாப் என்றால் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று வைக்க வேண்டும். கடையைப் பூட்டும்போது மூடியை மூடுவது எல்லோருக்கும் பழக்கம். இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கணினி விழித்திருந்தும் நெட்வொர்க் கார்டு மட்டும் தூங்கிப்போகும் கோளாறு இதனால் போகும்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலையில் நிறுத்தினால் பிற்பகலில்தான் வரும். மழைக்காலத்தில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் திரும்பியதும் கணினி தானாக எழுந்துகொள்ள வேண்டும் என்றால், அதற்கான அமைப்பு விண்டோஸில் இல்லை, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் இருக்கிறது. போர்டுக்குப் போர்டு பெயர் மாறும்: 'ரிஸ்டோர் ஏசி பவர் லாஸ்', 'ஏசி பேக்', 'ஆஃப்டர் பவர் லாஸ்'. அதில் மூன்று தேர்வு இருக்கும். 'பவர் ஆன்' என்பதையே எடுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' நல்லதுபோலத் தோன்றும், ஆனால் கரண்ட் போனதும் கடைப்பையன் யுபிஎஸ் கத்துகிறதே என்று முறையாக ஷட் டவுன் செய்துவிட்டால், கடைசி நிலை 'அணைந்தது' ஆகிவிடும். கரண்ட் வந்தாலும் எழாது. 'பவர் ஆன்' வைத்தும் எழாத இடம் ஒன்று உண்டு. கணினியை ஷட் டவுன் செய்துவிட்டார்கள், ஆனால் பெரிய இன்வெர்ட்டர் இருப்பதால் பெட்டிக்கு மின்சாரம் அறுபடவே இல்லை. போய் வந்தால்தானே அது எழும்? அப்படிப்பட்ட கடைகளில் "கரண்ட் போனா ஷட் டவுன் பண்ணாதீங்க, இன்வெர்ட்டர் தாங்கும்" என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

கணினிக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு ரௌட்டரை நேரடியாகச் சுவரில் செருகியிருப்பார்கள். கரண்ட் போனதும் கணினி ஓடும், இணையம் போய்விடும். பைபர் பெட்டியையும் ரௌட்டரையும் அதே யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

கணினியும் இணையமும் இருக்கின்றன, ஆனாலும் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு நேரத்தில் மறுக்கிறது என்று பாருங்கள். நீண்ட நேரம் தேடிவிட்டுக் கைவிட்டால், முகவரி மாறியிருக்கிறது அல்லது ஃபயர்வால் விழுங்குகிறது. போட்ட உடனே மறுத்தால், கணினி இருக்கிறது, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் சேவை ஓடவில்லை. முகவரி மாறுவதற்குக் காரணம், ரௌட்டர் அணைந்து எழும்போது கணினிகளுக்கு வேறு எண் கொடுத்துவிடுவது. ரௌட்டரில் இந்த எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கணினிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஃபயர்வால் என்றால், விண்டோஸுடையதை விட, சந்தா காலம் முடிந்த ஆன்டிவைரஸ் ஒன்று தன் ஃபயர்வாலோடு உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

பிங் (கணினி இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கூப்பிடும் கட்டளை) போட்டுப் பார்த்துப் பதில் வரவில்லையே என்று கணினி செத்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாமலே ரிமோட் டெஸ்க்டாப்பை அனுமதிக்கும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல், அதாவது 3389 என்ற டிசிபி போர்ட், திறந்திருக்கிறதா என்று சோதிப்பதுதான் உண்மையான சோதனை.

"அமைப்பே காணோம்"

செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் பக்கம் திறக்கிறது, ஆனால் இயக்கும் பொத்தான் இல்லை; உங்கள் விண்டோஸ் ஹோம் பதிப்பு இதை ஆதரிக்காது என்கிறது. அது கோளாறு இல்லை. ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், ஹோம் பதிப்புக்குள் யாரும் வர முடியாது. ப்ரோ வாங்குங்கள், அல்லது எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் பக்கம் போங்கள். இதைத் தாண்டிக் குதிக்க என்று சுற்றுகிற ஒட்டு மென்பொருள்களைக் கணக்கு இருக்கும் கணினியில் போட வேண்டாம். உரிம விதிக்கும் புறம்பு, ஒவ்வொரு விண்டோஸ் புதுப்பிப்பிலும் உடைந்தும் போகும்.

"கடைக்குள்ள வருது, வீட்டிலேருந்து வரல"

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். கூத்தாநல்லூரிலும் நாகூரிலும் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். ஊருக்கு வந்திருந்தபோது அப்பாவின் கடைக் கணினியில் எல்லாம் அமைத்து, அதே வைஃபையில் சோதித்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாக விமானம் ஏறியிருப்பார்கள். அங்கே போனதும் ஒன்றும் வராது. 192.168 என்று தொடங்கும் எண் அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும் எண். வெளியிலிருந்து அதைத் தேடிப் பயனில்லை.

உடனே யாராவது "ரௌட்டரில் 3389ஐ ஃபார்வர்ட் பண்ணு" என்று யோசனை சொல்வார்கள், அதாவது வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வருவதை நேரே கடைக் கணினிக்கு அனுப்பச் சொல்வது. இதைச் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்கிறேன். இணையத்தில் திறந்து கிடக்கும் 3389ஐத் தேடி இரவும் பகலும் தானியங்கி நிரல்கள் சுற்றுகின்றன. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது மட்டும் அவற்றின் வேலை இல்லை. 2019 மே மாதம் வெளியான 'புளூகீப்' ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸுக்குள் நுழைய வழி கொடுத்தது. ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றிவைத்தால் ஒளிந்துகொண்டதாக ஆகாது, எல்லா எண்ணையும்தான் தட்டுகிறார்கள். உள்ளே புகுந்தால் மூன்று வருடக் கணக்கையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள்.

அதுவும் போக, பல பைபர் இணைப்புகளில் ஃபார்வர்ட் செய்தாலும் வேலை செய்யாது. ரௌட்டரின் பக்கத்தில் வான் ஐபி (ரௌட்டரின் வெளிப்பக்க எண்) என்று காட்டுவதைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து தட்டும் கதவு உங்களுடையதே இல்லை.

நான் செய்வது: இரண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு தனியார் இணைப்பு மென்பொருளை நிறுவி, அது தரும் எண்ணில் ரிமோட் டெஸ்க்டாப் போவது. போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. இதில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கரண்ட் போய்வந்து கணினி எழுந்து, யாரும் இன்னும் உள்நுழையாமல் லாகின் திரையில் நின்றால், டெயில்ஸ்கேல் இணையாது. அதன் மெனுவில் 'ரன் அனட்டெண்டட்' என்பதை டிக் செய்தால்தான் உள்நுழைவுக்கு முன்பே இணையும். இரண்டாவது, அதன் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் நன்றாக ஓடி ஒரு நாள் திடீரென்று நின்றால் காரணம் அதுதான். நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் சாவிக் காலாவதியை நிறுத்திவிடுங்கள்.

எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் பயன்படுத்துவோருக்கு இந்த முகவரித் தொல்லை இல்லை, நடுவில் அவற்றின் சர்வர் இருக்கிறது. ஆனால் டவுன்லோட் செய்த கோப்பை அப்படியே திறந்து ஓட்டினால், கணினி ஒருமுறை அணைந்து எழுந்ததும் அது ஓடாது. முறையாக நிறுவி, ஆளில்லா அணுகலுக்கு நீளமான பாஸ்வேர்ட் வைக்க வேண்டும்.

"பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது"

அண்ணன் தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கம் பாஸ்வேர்ட் இல்லை, பின். அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தால்தான் பின் செல்லும். ரிமோட் டெஸ்க்டாப் கேட்பது கணக்கின் பாஸ்வேர்டை. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட். அதை வைத்தது யார் என்றே பல கடைகளில் தெரியாது. தெரிந்து சரியாகப் போட்டும் மறுத்தால், செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ உள்நுழைவை மட்டும் அனுமதி என்பதை அணைத்துவிட்டு, அங்கே நேரில் ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். அப்புறம் தொலைவிலும் ஏற்றுக்கொள்ளும்.

பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் தொலைவிலிருந்து விடாது. அது நல்லதுக்குத்தான்.

இந்தக் குழப்பத்துக்கு என் தீர்வு, ஒவ்வொரு கடையிலும் எனக்கென்று ஒரு உள்ளூர் கணக்கு உருவாக்கி, நீளமான பாஸ்வேர்ட் வைத்து, ரிமோட் டெஸ்க்டாப் பயனர் பட்டியலில் சேர்த்துவிடுவது. கடைக்காரரின் பின் எனக்கு வேண்டாம், எனக்குத் தெரியவும் கூடாது. உள்நுழையும்போது கணினியின் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்று எழுதுங்கள். பயனர் பெயரை மட்டும் போட்டால் சில நேரம் நம் கணினியில் அந்தப் பெயரைத் தேடிவிட்டுத் தப்பு என்கிறது.

பலமுறை தவறாகப் போட்டுவிட்டு, சரியானதைப் போட்டும் மறுக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் 11 22எச்2 முதல், புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

"நீ வந்தா எனக்குத் திரை போயிடுது"

ப்ரோ பதிப்பில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் கடையில் லாகின் திரை வந்துவிடும். பில் போட ஆள் நிற்கும் நேரத்தில் இது பெரிய இடைஞ்சல். மேட்டூர் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து, குறுவைக்கு உரம் வாங்கக் கூட்டம் நிற்கும் வாரங்களில் நான் பகலில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் தொடுவதே இல்லை. இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும் என்றால் எனிடெஸ்க் வகையே சரி. தனியாக நீண்ட வேலை என்றால் கடை அடைத்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்.

"ஒரே கறுப்பு"

உள்ளே போய்விட்டோம், திரை மட்டும் கறுப்பு. முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தொலைவில் கண்ட்ரோல் ஆல்ட் டெலீட்டுக்கு ஈடு இதுதான். டாஸ்க் மேனேஜர் உள்ள பட்டியல் திரை வந்தால் அதைத் திறந்து 'எக்ஸ்ப்ளோரர்' என்று புதிதாக ஓட்டினால் டெஸ்க்டாப் வந்துவிடும். வராவிட்டால் துண்டித்து, இணைப்புப் பெட்டியில் எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் 'பெர்சிஸ்டென்ட் பிட்மேப் கேஷிங்' டிக்கை எடுத்துவிட்டு, டிஸ்ப்ளே பகுதியில் திரை அளவைக் குறைத்து மறுபடி போங்கள். அடிக்கடி வருகிறது என்றால் அந்தப் பக்கக் கணினியில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். ப்ரோவில் குரூப் பாலிசி என்ற அமைப்புப் பட்டியலில் தொலை இணைப்புக்கு 'டபிள்யூடிடிஎம்' என்ற கிராஃபிக்ஸ் டிரைவரைப் பயன்படுத்துவதை நிறுத்தினாலும் பல கணினிகளில் தீர்கிறது.

எனிடெஸ்கில் கறுப்பு, அல்லது படத்துக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், மானிட்டர் செருகியிருக்கிறதா என்று கேளுங்கள். மானிட்டர் இல்லாத பெட்டி எதை வரையும்? மானிட்டர் இருப்பதாகக் காட்டும் சின்ன எச்டிஎம்ஐ போலிச் செருகி ஒன்றைப் போட்டால் போதும்.

எனிடெஸ்கில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த திரை திடீரென்று உறைந்து, மவுஸ் எதற்கும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பக்கம் 'அனுமதிக்கிறீர்களா' என்று விண்டோஸ் கேட்டு நிற்கிறது. நிறுவாமல் ஓட்டிய மென்பொருளுக்கு அந்தக் கேள்வி தெரியாது. "அண்ணே, திரையில எஸ்ஸா நோவான்னு கேக்குதா? எஸ் அழுத்துங்க."

"இழுத்துக்கிட்டு வருது"

நம் பக்கம் 200 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். படம் அங்கிருந்து கிளம்பி வருகிறது. அந்தக் கடையின் அப்லோட் வேகம்தான் கணக்கு. மொபைல் டேட்டாவில் ஓடும் கடைகளில் மதியம் ஒரு மாதிரி, மாலை ஒரு மாதிரி இருக்கும். எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்து, பின்னணிப் படம், அசைவுகள், எழுத்து மெருகு எல்லாவற்றையும் எடுங்கள். வண்ணத்தை 16 பிட்டாகக் குறையுங்கள். கணக்கு மென்பொருளுக்கு இது தாராளம். கடையில் வைஃபையில் இருக்கும் கணினியை வயருக்கு மாற்றுவது இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும்.

மெதுவாக இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்து சட்டென்று உறைகிறது, சில நொடியில் மீள்கிறது அல்லது துண்டித்துச் சேர்த்தால் சரியாகிறது என்றால் அது வேறு நோய். ரிமோட் டெஸ்க்டாப், தகவலைக் கொண்டுபோகும் டிசிபி என்ற முறையோடு யுடிபி என்ற இன்னொரு முறையையும் பயன்படுத்தும்; சில இணைப்புகளில் யுடிபி அரைகுறையாகப் போய்வரும். நம் கணினியின் குரூப் பாலிசியில் 'டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையன்ட்' என்பதை இயக்கினால் டிசிபி மட்டும் ஓடும். எனக்கு மன்னார்குடிக் கடை ஒன்றில் வாரக்கணக்கில் இருந்த தொல்லை இதில் தீர்ந்தது.

"தமிழ் அடிச்சா வேற என்னமோ விழுது"

வாடிக்கையாளர் பெயர், ஊர்ப்பெயர் தமிழில் வைத்திருக்கும் கடைகளில் இது தினசரிப் பிரச்சினை.

விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி மொழி மாற்றுகிறோம். மாறுவது நம் கணினியின் மொழி, அந்தப் பக்கம் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. இணைக்கும் முன் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் விண்டோஸ் விசைக் கூட்டுகள் எங்கே செல்ல வேண்டும் என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தொலைக் கணினி என்று மாற்றுங்கள். அதன்பின் ஆல்ட் டேப் உட்பட எல்லாம் அங்கே போகும்.

தமிழ்99க்கு, அல்லது ஒலிபெயர்ப்பு முறைக்கு, தனி மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும் ஓட்டுங்கள். அங்கே ஓடட்டும், இங்கே அணைந்திருக்கட்டும். இரண்டிலும் ஓடினால் மாற்றிய எழுத்தை மறுபடி மாற்ற முயன்று குப்பையாகும். ரஸ்ட்டெஸ்கில் விசைப்பலகைக்கு 'மேப்', 'டிரான்ஸ்லேட்' போன்ற வகைகள் இருக்கும். மேப் என்றால் எந்த விசை என்பது மட்டும் போகும், எழுத்தை அந்தப் பக்கம் முடிவு செய்யும். தமிழுக்கு மேப் வைத்து, அங்கே தமிழ் விசைப்பலகையை இயக்குவதே என் அனுபவத்தில் சரியாக வருகிறது.

பழைய கணக்குகளில் பாமினி மாதிரி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த எழுத்துருவில் அடித்த தமிழ் இருக்கும். திரையில் ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் எழுத்து அங்கேயே வரையப்பட்டுப் படமாக வருகிறது. அதைக் காப்பி செய்து இங்கே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக விழும். ரிமோட் டெஸ்க்டாப்பில் எதை மாற்றினாலும் இது போகாது. யூனிகோடுக்கு மாற்றித்தான் தீர வேண்டும்.

காப்பி பேஸ்டே வேலை செய்யவில்லை என்றால், அந்தப் பக்கம் டாஸ்க் மேனேஜரில் 'ஆர்டிபி கிளிப்' என்பதை முடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

"பில் இங்க வரல"

நீங்கள் கொடுத்த பிரிண்ட் கடையில் வரவில்லை என்றால் உங்கள் வீட்டுப் பிரிண்டரைப் பாருங்கள், அதில் வந்திருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் போகும்போது நம் பிரிண்டர் அங்கே வந்து சேர்ந்து, அந்த இணைப்பில் முதன்மைப் பிரிண்டராகவும் ஆகிவிடுகிறது. 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் பிரிண்டர் டிக்கை எடுத்துவிட்டு இணையுங்கள். அங்கே முதன்மைப் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தேர்வையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பயன்படுத்தியதைப் பிடித்துக்கொள்ளும்.

எதிர்ப்பக்கமாக, கணக்கு அலுவலகக் கணினியில் இருக்கிறது, பில் ஆலையில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வர வேண்டும் என்பார்கள். அரிசி ஆலைகளில் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுக்க அதைவிட்டால் வேறு வழியில்லை. இணைத்தால் வரும், ஆனால் ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் கிறுகிறுவென்று இழுக்கும், எழுத்தும் பிசகும். 'ஈஸி பிரிண்ட்' என்ற பொது டிரைவர் எழுத்தைப் படமாக அனுப்புவதால் வரும் கோளாறு அது. கணக்கு இருக்கும் கணினியின் குரூப் பாலிசியில், பிரிண்டர் ரீடைரக்‌ஷன் பகுதியில், ஈஸி பிரிண்டை முதலில் பயன்படுத்து என்பதை நிறுத்துங்கள். ஆலையில் உள்ள அதே பிரிண்டர் டிரைவரை, அதே பெயரில், அங்கேயும் நிறுவுங்கள். தாளின் அளவை மறுபடி ஒருமுறை அமைத்து, ஒரு சோதனை பில் எடுத்துவிட்டு, அப்புறம் விடைபெறுங்கள்.

"தேதி சரியில்லைன்னு சொல்லுது"

இரண்டு கணினிக்கும் நேர வித்தியாசம் இருப்பதால் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்ற அறிவிப்பு. பழைய கணினியில் இது வந்தால், உள்ளே இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது. தேதியை மட்டும் திருத்திவிட்டு விடாதீர்கள். பழைய போர்டுகளில் அந்தப் பேட்டரிதான் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொண்டிருந்த கணினி சமீபமாக எழுவதில்லை என்றால் இதே பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மாற்றிய கையோடு பயாஸுக்குள் போய் 'பவர் ஆன்' அமைப்பை மறுபடி வையுங்கள்.

"பேங்க்லேருந்து பேசுறேன்னு எனிடெஸ்க் நம்பர் கேக்குறாங்க"

கொடுக்காதீர்கள், போனை வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் உங்கள் திரையைப் பார்க்கக் கேட்காது. இந்த மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. எங்கள் கடைகளில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். நான் உள்ளே வரும் முன் என் எண்ணிலிருந்து நானே கூப்பிடுவேன். கூப்பிடாமல் திரையில் மவுஸ் அசைந்தால் இணைய வயரைப் பிடுங்கிவிட வேண்டும். யார் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏற்கெனவே எண்ணைக் கொடுத்துவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். மொபைலில் கொடுத்திருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வேறு ஒருவர் போனை வாங்குங்கள். வங்கிக்குக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930, இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும்போதே சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே மறுநாள் காலை போகலாம் என்று இருக்காதீர்கள். திரையில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள், புகாருக்கு வேண்டும். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியிலிருந்து மாற்றாமல் வேறு ஒன்றிலிருந்து மாற்றுங்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் தொலைவிலிருந்து வர மாட்டேன், நேரில் வந்து பார்க்கிறேன்.